முதல்ல போட்டதா, ரெண்டாவதா?

மார்ச் 4

மூன்றாம் நம்பர் பம்பு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பேரிங் போகப்போகிறது என்று போன மாதமே எழுதிக் கொடுத்துவிட்டேன். இன்று மேனேஜர் பம்பின் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்: "சத்தமே இல்லையேப்பா, எத வச்சு சொல்றே?" சத்தம் வந்தபிறகு சொல்ல நான் எதற்கு? வாட்ச்மேனே சொல்வார். காதில் விழாத அதிர்வைக் கிராஃபில் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

என் பக்கத்தில் படுத்திருந்தவள் தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் மெலிந்துகொண்டே வந்தது. அதற்கு எந்தக் கிராஃபும் வரவில்லை.

அக்கா போன் செய்தாள். "சாப்பிட்டியா?" சாப்பிட்டேன். "என்ன சாப்பிட்டே?" அதற்குப் பதில் யோசித்து வைத்திருக்கவில்லை.

மார்ச் 6

பல் டாக்டர் கூப்பிட்டார். அவளுடைய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் தலைவர். அவருடைய கிளினிக் மாடியில் எட்டுப் பேர் கூடுவார்கள். எல்லாருக்கும் ஒரே பைத்தியம் - ஒரு ரஷ்யாக்காரர் எழுதிய பியானோ இசை. அவருக்குக் கை ரொம்பப் பெரிதாம், மற்றவர்களுக்கு எட்டாத சுரமெல்லாம் எட்டுமாம். அதனால் எங்கள் வீட்டில் அவர் பெயர் பெரிய கைக்காரர். நாட்டை விட்டுப் போன பிறகு அதிகம் எழுதவில்லையாம். அதற்காக அவள் வருத்தப்படுவாள், ஏதோ எங்கள் சித்தப்பா மாதிரி. ஒரே இசைத் துண்டை ஐந்து பேர் வாசித்த ஐந்து பதிவுகளைப் போட்டு, யார் உசத்தி என்று அடித்துக்கொள்வார்கள். அதற்குத்தான் என் ஞாயிறுகள் போயின.

அவள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறதல்லவா, 23-ஆம் தேதி நினைவுக் கூட்டமாம். நினைவு மலர் ஒன்றும் அச்சடிக்கிறார்களாம். அவள் கடைசியாக எழுதிய கட்டுரையைப் படிக்கப்போகிறார்களாம். அதில் அவள் ஒப்பிடும் இரண்டு பதிவுகளும் வேண்டுமாம்.

"தம்பி, நீங்க டெக்னிக்கல் ஆளு. அத மட்டும் ஒரு பென்டிரைவ்ல போட்டுக் குடுத்துடுங்க. மத்தத நாங்க பாத்துக்கறோம்."

மத்தது. அதாவது என் பெண்டாட்டி.

மார்ச் 9

சிடிக்களை எடுத்தேன். உறையில் இருக்கும் பியானோக்காரர்களின் பெயர்கள் எனக்குப் பழக்கமில்லை. அவள் வைத்த பெயர்கள்தான் தெரியும். இருமல் மாமா - அவர் வாசிக்கும்போது கூட்டத்தில் எவனோ இருமிக்கொண்டே இருப்பான். ஐஸ்கட்டி - உருக்கமே இல்லாமல் வாசிப்பாராம். சர்க்கஸ்காரர் - உலகமே கொண்டாடுகிறது, இவளுக்கு மட்டும் ஆகாது. அப்புறம், அந்த அம்மா.

அந்த அம்மாவை யாருக்கும் தெரியாது. எங்கேயோ ஒரு சின்னக் கம்பெனி போட்ட ஒரே ஒரு சிடி. மேடையில் வாசித்ததே இல்லையாம். இவளுக்கு அவர்தான் எல்லாம்.

இவள் கண் ஆஸ்பத்திரியில் பவர் பார்க்கிறவள். நாள் முழுக்க லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "முதல்ல போட்டது தெளிவா இருக்கா, ரெண்டாவதா?" என்று கேட்டுவிட்டு வருவாள். வீட்டுக்கு வந்து என்னை உட்கார வைத்து சர்க்கஸ்காரரைப் போடுவாள், அந்த அம்மாவைப் போடுவாள். "இப்ப சொல்லு. முதல்ல போட்டதா, ரெண்டாவதா?"

"ரெண்டும் ஒண்ணுதான்டி."

"உனக்குக் கண்ணாடி போட்டா பத்தாது. காதுக்கும் போடணும்."

கட்டுரையைப் படித்தேன். 'சர்க்கஸ்காரர் வாசிக்கும்போது நாம் அவர் கையைப் பார்க்கிறோம். இந்த அம்மா வீட்டில் யாருமில்லை என்று நினைத்துக்கொண்டு வாசிக்கிறார். ஒரு சுரம் முழுதாக அணைகிறவரை காத்திருந்துதான் அடுத்ததைத் தொடுகிறார்.'

வீட்டில் யாருமில்லை. சரிதான்.

மார்ச் 15

மூன்று தடவை சரிபார்த்துவிட்டேன்.

இரண்டையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, முன்னும் பின்னும் இருக்கும் மௌனத்தை வெட்டப்போனேன். வேலைப்பழக்கம் - ஒரு கிராஃபின் கீழே இன்னொன்றை வைத்தேன். ஒரே துண்டுதானே, ஒரே மாதிரி இருக்கும் என்று விட்டிருப்பேன். ஆனால் சர்க்கஸ்காரரிடம் நடுவில் ஒரு சத்தம், ஸ்டூல் முனகுகிற சத்தம். பியானோ சத்தத்துக்கு அடியில் கிடக்கிறது. இந்த வேலையில் இருக்கிறவன் கண்ணுக்குத்தான் படும். கீழே அந்த அம்மாவிடமும் அதே முனகல். கொஞ்சம் தள்ளி.

சர்க்கஸ்காரரை மூன்று சதவீதம் மெதுவாக ஓடவிட்டேன். ஒன்றின்மேல் ஒன்று அப்படியே உட்கார்ந்துவிட்டது. முதல் சுரத்திலிருந்து கடைசிச் சுரம்வரை ஒரு மயிரிழை விலகல் இல்லை. இரண்டு பேர் வாசித்தால் ஒரே ஸ்டூல் ஒரே இடத்தில் முனகாது.

அந்த அம்மான்னு யாரும் இல்ல. எவனோ சர்க்கஸ்காரரோட பதிவ எடுத்து, மெதுவாக்கி, மேல்சத்தத்தக் கொஞ்சம் மழுக்கி, ஒரு பொம்பள படத்தப் போட்டு வித்திருக்கான்.

மார்ச் 16

ரெண்டும் ஒண்ணுதான்டி. நான் ஜெயிச்சுட்டேன். எந்திரிச்சு வந்து சண்ட போடேன்.

மார்ச் 19

அந்தக் கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. யாரைக் கேட்பது.

அக்காவிடம் சொன்னேன். இரண்டு தடவை விளக்க வேண்டியிருந்தது. பிறகு, "அங்க போய் சொல்லப்போறியா?"

"உண்மைதானேக்கா."

"உண்மைதான். செத்தவள தோக்கடிச்சு உனக்கு என்னடா கெடைக்கப்போவுது?"

"அப்ப அவங்க பொய்யப் படிச்சுக் கை தட்டட்டுமா?"

"தட்டிட்டுப் போகட்டும். கையா வலிக்குது உனக்கு?"

சொல்லப்போவதில்லை. பென்டிரைவைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன்.

லேப்டாப்பையும் பையில் வைத்திருக்கிறேன். எதற்கு?

மார்ச் 23

சொல்லிவிட்டேன்.

நன்றாகத்தான் ஆரம்பித்தது. அவள் படத்தை மேஜைமேல் வைத்திருந்தார்கள். பல் டாக்டர் கட்டுரையைப் படித்தார். எட்டுப் பேரில் ஒருவரான பேங்க்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் என்கூடப் பேசியதைவிட இவர்களோடு அதிகம் பேசியிருக்கிறாள் என்று தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் டாக்டர் பேப்பரை மடித்துவிட்டுச் சொந்தமாகப் பேச ஆரம்பித்தார். அந்த அம்மாவின் அருமையை அவளுக்கு எடுத்துச் சொன்னதே அவர்தானாம். அவளுக்கு வீட்டில் இசை பேச ஆள் இல்லையாம், பாவமாம். இந்த மாடிதான் அவளுக்கு மூச்சு விடும் இடமாம்.

எழுந்து லேப்டாப்பைத் திறந்தேன். கிராஃபைக் காட்டினேன். ஸ்டூல் முனகலைப் பெரிதாக்கி இரண்டையும் போட்டேன்.

இன்னொரு தடவை போடச் சொன்னார்கள், போட்டேன். பிறகு டாக்டர், "எனக்கு அப்பவே ஒரு சந்தேகம் இருந்துச்சு."

"எனக்கும்தான்" - பின்னாலிருந்து ஒரு குரல். "எனக்கும்." எல்லாருக்கும் அப்பவே சந்தேகமாம்!

பேங்க்காரம்மாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. "ஐயோ, அப்ப அவ இவ்வளவு உருகி உருகி எழுதினது அந்த சர்க்கஸ்காரரப் பத்தியா!" எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. அதுதான் தாங்கவில்லை. ஒரு குழந்தையைப் பார்த்துச் சிரிப்பது மாதிரி. அவள் படம் மேஜைமேல்தான் இருந்தது.

கட்டுரை மலரில் வராது. "போட்டா நமக்குத்தான் தம்பி அசிங்கம். படத்தப் பெருசாப் போட்டுடறோம்."

மார்ச் 24

மூன்றாம் நம்பர் பம்பு நின்றுவிட்டது. நான் சொன்ன அதே பேரிங். மேனேஜர் என் முகத்தையே பார்க்கவில்லை. சரியாகச் சொன்னவனை யாருக்கும் பிடிக்காது போல.

மார்ச் 25

எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 30

ஞாயிறு. இனி அந்த மாடியில் அவளுக்கு இடமில்லை, எனக்கும்.

கிராஃபை மூடிவிட்டு இரண்டையும் காதால் கேட்டேன். முதலில் சர்க்கஸ்காரர். பிறகு அந்த... பிறகு இரண்டாவது.

திரும்ப முதலாவது. திரும்ப இரண்டாவது.

வேறதான்.

முதலாவதில் அடுத்த சுரம் வந்து முந்தினதை மிதிக்கிறது. இரண்டாவதில் முந்தினது அணைய இடம் இருக்கிறது. சுருதி ஒரு இழை இறங்கியிருப்பதால் அறையே கொஞ்சம் இருட்டினாற்போல் இருக்கிறது. 'முழுதாக அணைகிறவரை.' அந்த மூன்று சதவீதம். நான் மெஷின் வைத்துப் பிடித்ததை அவள் வெறும் காதால் பிடித்திருக்கிறாள். வாசித்தது யார் என்பதில்தான் ஏமாந்தாள். கேட்டதில் ஏமாறவில்லை. இதை நான் ஒரு வாரம் முன்னால் கேட்டிருக்கக் கூடாதா?

டாக்டருக்குப் போன் செய்தேன். "சார், ரெண்டும் வேற வேறதான். அவ எழுதினது சரி. கட்டுரையப் போடுங்க."

"நீங்கதானே தம்பி ஒண்ணுன்னு நிரூபிச்சீங்க?"

"வாசிச்சது ஒண்ணு. காதுல விழறது ஒண்ணு இல்ல."

"மூணு பர்சன்ட்டெல்லாம் யார் காதுக்கும் தெரியாதுப்பா."

"அப்ப இத்தன நாளா ரெண்டுத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்னு பேசினீங்களே, அது எத வச்சு?"

"ஒரு பேஷன்ட் வாயத் தொறந்துட்டு உக்காந்திருக்கார். அப்புறம் பேசறேன்."

ஞாயிற்றுக்கிழமையில் பேஷன்ட்.

ஏப்ரல் 1

மலர் தபாலில் வந்தது. முதல் பக்கம் முழுக்க அவள் படம். கீழே 'சிறந்த ரசிகை' என்று ஒரு வரி. அவள் எழுதிய ஒரு வார்த்தைகூட இல்லை. அவள் பேச்சைப் பிடுங்கினது அவர்கள் இல்லை. நான்தான்.

ஏப்ரல் 6

அக்கா வந்திருக்கிறாள். வந்ததும் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்து என்னைத் திட்டினாள், மூடிவிட்டும் திட்டினாள். அந்த சிடி ஓடிக்கொண்டிருந்தது.

"யாருடா வாசிக்கறது?"

"அந்த அம்மா."

"அப்படி யாருமே இல்லேன்னியே?"

சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். எழுந்து போய் முதலாவதைப் போட்டேன், அதே இடம். பிறகு இரண்டாவதை.

"சொல்லுக்கா. முதல்ல போட்டதா, ரெண்டாவதா?"

அக்கா நிஜமாகவே முயற்சி பண்ணினாள். கண்ணைக்கூட மூடிக்கொண்டாள்.

"ரெண்டும் ஒண்ணுதானேடா?"

"இல்லக்கா. சரியா கேளு" என்றேன்.

திரும்பவும் முதலிலிருந்து போட்டேன்.