அம்மாவுக்கு வைத்த காமா கதிர்

விஜயநகர், மைசூர்
27-6-1999

சிரஞ்சீவி சைத்ராவுக்கு அப்பா அநேக ஆசீர்வாதம். ஜூனிலும் குளிரடிக்கும் அந்த வெளிநாட்டில் நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கவேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறோம். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று நான் இதுவரை எழுதி வந்தது பொய், மன்னித்துவிடு. அம்மாவுக்கு உணவுக்குழாயில் புற்றுநோய். பிப்ரவரியிலேயே தெரியும். ஜலதோஷம், தொண்டை கட்டியிருக்கிறது என்று போனில் அவள் சொன்னதெல்லாம் இதுதான். தீசிஸ் கொடுக்கற வரைக்கும் அவகிட்ட மூச்சு விடப்படாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். கோபால்ட் மெஷினில் இருபத்தைந்து தடவை கதிர் வைக்கவேண்டும் என்றார்கள். அது காமா கதிர் என்று தெரிந்ததும் அவளுக்கு ஒரே பெருமை, பக்கத்து வீட்டு கௌரம்மாவிடம் கன்னடத்தில், என் பெண் ஆராய்ச்சி செய்கிற கதிரைத்தான் எனக்கும் வைக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பதினெட்டாம் தடவைக்குப் பிறகு தண்ணீர்கூட இறங்கவில்லை, நிறுத்திவிட்டார்கள். வியாழக்கிழமை டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தசராவைப் பார்ப்பது கஷ்டம் என்றார்.

வீட்டுக்கு வந்தால் உன் கடிதம் வந்திருந்தது. படித்துக் காட்டச் சொன்னாள். போன மாதம் வானத்தில் எங்கோ வெகுதூரத்தில் நடந்த காமா கதிர் வெடிப்பின் மிச்ச வெளிச்சத்தில் ஒரு சிறு பங்கு ஒரே திசையில் அதிர்கிறது, ஆகவே அங்கே காந்தப்புலம் இருக்கிறது என்று நீ எழுதியதை, ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிய எனக்குப் புரிந்த மட்டும் சொன்னேன். வெடிப்பிலிருந்து சீறி வரும் பொருள் வெளியிலிருக்கும் வாயுவில் மோதுகிற அதிர்ச்சி அலையிலேயே அந்தக் காந்தப்புலம் பிறக்கிறதாம், கணக்குப்படி உடனே அழிந்துவிடவேண்டுமாம், ஆனால் வெளிச்சம் நாள்கணக்கில் நிற்கிறது, ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை, அதைத்தான் நம் பெண் தேடுகிறாள் என்றேன். தெரியலேன்னா தெரியலேன்னு எழுதறாளே, அது போறும் என்றாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, ஏன்னா, அவளைப் பாக்கணும்போல இருக்கு, ஆனா எழுதிடாதேங்கோ என்றாள். அதற்குமேல் என்னால் சத்தியத்தைக் காப்பாற்ற முடியவில்லை.

வீட்டுப் போன் அவள் கட்டில் பக்கத்தில் இருக்கிறது, அதனால் நேற்று பூத்துக்குப் போனேன். உன் குரல் கேட்டதும் இரண்டு தடவை பேசாமல் வைத்தது நான்தான், பயப்படாதே. இதைக் கூரியரில் அனுப்புகிறேன். பாஸ்போர்ட் தேதியைப் பார்த்துக்கொள், வழியில் பட்டினி கிடக்காதே. நான் எழுதினேன் என்று சொல்லாமல், லீவு கொடுத்தார்கள் என்று சொல். வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்தாயா என்று திட்டுவாள். அவளுக்குத் திட்டுவதற்குக் குரல் இருக்கும்போதே வந்துவிடு, அம்மா.

எங்கள் இருவர் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு.

உன் அப்பா
வெங்கடசுப்ரமணியன்