புரோக்கர் வேண்டாத வீடு

5.6.94, ஞாயிறு

இன்று காலை, கோயமுத்தூர்க் கணபதிப் பேட்டை என்னும் சமஸ்தானத்தின் ஏகச் சக்கரவர்த்தியாகிய திருமலைசாமி என்கிற அடியேன், என் அரண்மனையை விற்பதென்று பிரகடனம் செய்தேன். அரண்மனை என்றால் இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் ஒரு கிணறு. கிணற்றைப் பற்றித் தெருவில் நான் சொல்லி வைத்திருப்பது வேறு கணக்கு: காலையில் விட்ட வாளி சாயங்காலம்தான் தண்ணீரைத் தொடும்.

பிரகடனம் கேட்கக் கூடிய சபை ஒரே ஆள். என் சம்சாரம் ரங்கநாயகி. "ஏமண்டி, நெசமாவா?" என்றாள், தெலுங்கும் தமிழுமாய். அதற்குள் இரண்டு தடவை மூச்சு வாங்கினாள்.

பக்கத்துப் பட்டறையில் இரும்பு உருக்க ஆரம்பித்ததிலிருந்து புகை எங்கள் சமையலறை ஜன்னலை விலாசம் விசாரித்துக்கொண்டு வருகிறது. ஆர்.எஸ்.புரம் டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டே சொன்னார்: "மருந்து பாதிதானுங்க. மழைக்காலத்துல புகை மேல ஏறாது. அதுக்குள்ள அம்மாவை வேற இடத்துக்குக் கூட்டிட்டுப் போயிருங்க."

அன்னூரில் அவள் தங்கை ராமாமணி வீட்டுக்கு எதிரே ஒரு சின்ன வீடு விலைக்கு வந்திருக்கிறது. சுற்றிலும் சோளக்காடு. இது விற்றால் அது.

9.6.94

கேட்டில் போர்டு மாட்டினேன். என் கையெழுத்து, பத்து மைல் தூரத்தில் போகிற ரயிலிலிருந்தும் படிக்கலாம். "வீடு விற்பனைக்கு. புரோக்கர்கள் வர வேண்டாம்."

பெயிண்ட் காய்வதற்குள் புரோக்கர் ஐயாசாமி சைக்கிளைச் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். "அந்த போர்டு மத்தவங்களுக்குங்க மாமா." (தெருவுக்கே நான் மாமா.) சௌக்கியம் கேட்கவில்லை, தண்ணீர் கேட்கவில்லை. "எவ்வளவு சொல்றீங்க?"

பெண் பார்க்க வந்தவன் வாசலிலேயே தராசை எடுத்த மாதிரி இருந்தது எனக்கு.

"போர்டு உங்களுக்குந்தானுங்க" என்றேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். போகிறபோது ஒன்று சொன்னார்: "ஞாயித்துக்கிழமை மட்டும் ஆளுகளுக்குக் காட்டுங்க. பட்டறை லீவு."

வீடு என்னுது. வீட்டை வாங்குகிறவன் பணம் அவனுது. நடுவில் நின்று தொண்டையைக் கனைக்கிறவருக்கு என்னிடம் நூற்றுக்கு இரண்டு, அவனிடம் நூற்றுக்கு இரண்டு. கனைப்புக்கு இவ்வளவு விலை என்றால் ரங்கநாயகியின் இருமலுக்கு இந்நேரம் கோயமுத்தூர் பாதி எங்களுக்குச் சொந்தம்.

இதை அவளிடம் சொன்னேன். சிரித்தாள். சிரித்து, இருமி, உட்கார்ந்துவிட்டாள். இனி இந்த மாதிரிச் சொல்லக்கூடாது.

19.6.94

ஒரு குடும்பம் வந்தது. எங்கள் கிணற்றில் குளித்த கழுதை மூன்றே மாதத்தில் குதிரையாகிப் பொள்ளாச்சி சந்தையில் விலைபோனதைச் சொன்னேன். நன்றாகச் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே போனவர்கள்தான்.

3.7.94

ஆள் கிடைத்தாயிற்று. தம்பிதுரை. பம்பு கம்பெனியில் ஃபோர்மேன். சம்சாரம் அன்புக்கரசியோடு வந்தார். நான் புகையை மறைக்கவில்லை. ஜன்னல் விளிம்பில் விரலைத் தேய்த்துக் கருப்பைக் காட்டினேன்.

"பரவால்லீங்க. இங்க ரெண்டு லேத்து மிஷின் போடலாம்னு நெனப்பு. குடியிருக்கறதுக்கு இல்லீங்க" என்றார். எனக்கு அவரைக் கட்டிப்பிடித்து முடிசூட்ட வேண்டும் போல் இருந்தது.

காப்பி வந்தது. அப்புறம் இப்படி நடந்தது:

"எவ்வளவுங்க எதிர்பார்க்கறீங்க?"

"அதென்னங்க, நீங்க பார்த்துச் சொல்லுங்க."

"நாங்க எப்படிங்க சொல்றது. பெரியவங்க நீங்க இருக்கறப்ப."

"வாங்கறவங்க நீங்க. உங்க மனசுக்கு எது நாயமோ அதுங்க."

"உங்க மனசு நோகாம இருக்கணுமில்லீங்களா."

ஒருவர் மனம் ஒருவர் நோகாமல் ஒரு மணி நேரம் பேசினோம். எலுமிச்சங்காய் கொடுத்தனுப்பினேன்.

10.7.94

தம்பிதுரை இரண்டாம் விஜயம். ஒரு சீப்புத் தேன்கதலி கொண்டு வந்தார். "சொல்லுங்க." "நீங்க சொல்லுங்க." வர ஞாயிறு ஆடி பிறக்கிறது, ஆடியில் எதையும் பேசி முடிக்கக் கூடாது என்பது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. இரண்டு பேர் முகத்திலும் அப்படி ஒரு நிம்மதி.

அவர்கள் போனதும் ரங்கநாயகி சமையலறை வாசலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "வெலையைச் சொல்ல நாக்குல என்ன கொப்புளமா?"

"ஆவணி முதல் வாரம் முடிச்சுப்போடறேன் பாரு."

"ஐயாசாமியை ஒரு வார்த்தை..."

"அந்தப் பேச்சே வேண்டாம்."

24.7.94

அன்னூர் போனோம். வீட்டுக்காரர் சாவியைக் கொடுத்து உள்ளே சுற்றிப் பார்க்கச் சொன்னார். பின்கட்டில் ரங்கநாயகி நின்று மூச்சை இழுத்தாள். முழுசாக இழுத்தாள். இழுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். பத்து பவுன் சங்கிலி வாங்கிக் கொடுத்திருந்தாலும் அப்படிப் பார்த்திருக்க மாட்டாள். அடுப்பு இங்கே, துணிக்கொடி அங்கே என்று கையைக் காட்டிக்கொண்டே வந்தாள்.

"ஆவணியில் வந்துருவோமுங்க" என்றேன். "வாங்க, வாங்க. என்ன அவசரம்" என்றார் வீட்டுக்காரர்.

21.8.94

மூன்றாம் விஜயம். காலையிலிருந்து கண்ணாடி முன் நின்று விலையைச் சொல்லிப் பழகினேன். பல் விளக்கும்போது கூடச் சொன்னேன்.

தம்பிதுரை வந்தார். இளநீர் கொண்டு வந்திருந்தார். அந்த மனுஷன் முகத்தைப் பார்த்தேன். "உங்களுக்கு எது தோதோ அதைக் குடுங்க" என்றது என் வாய். என் வாய்தான்.

அவர் டம்ளரைத் தள்ளி வைத்தார். "யோசிச்சுச் சொல்றேனுங்க" என்றார். போன இரண்டு தடவையும் கிணற்றைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனவர், இந்தத் தடவை பார்க்கவில்லை.

ஏன்? கழுதையைக் குதிரையாக்குவேன். வாளியைப் பாதாளத்துக்கு அனுப்புவேன். ஒரே ஒரு எண்ணை உள்ளபடி சொல்ல மாட்டேன். நான் சொல்லி அவர் குறைச்சுக் கேட்டா மூஞ்சிக்கு நேரா அடிச்ச மாதிரி. அவர் சொல்லி நான் கூடக் கேட்டா காப்பி குடுத்துக் கழுத்தறுத்த மாதிரி. அப்ப எதுக்குய்யா போர்டு மாட்டினே?

28.8.94

வரவில்லை.

4.9.94

வரவில்லை. ரங்கநாயகி மூன்று டம்ளர் எடுத்து வைத்திருந்தாள்.

18.9.94

ராமாமணி பஸ் ஏறி வந்தாள். அன்னூர் வீடு கைமாறிவிட்டது. "ஒரு புரோக்கர் காலையில ஆளைக் கூட்டியாந்தான். மத்தியானத்துக்குள்ள பேசி முடிச்சு அச்சாரம் வாங்கிட்டாங்க பாவா. உங்களுக்குச் சொல்லி அனுப்பறதுக்குள்ள..."

அக்காவை உடனே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாள். அவள் வீட்டில் ஒரே அறை, அதில் மாமனார் படுத்த படுக்கை. ரங்கநாயகி "வேண்டாம் ராமா, தையில பார்க்கலாம்" என்றாள். எனக்குத் தெரியும், ராமாமணிக்கும் தெரியும், அங்கே அவள் கால் நீட்ட இடமில்லை.

துணிக்கொடி கட்டுவதற்கென்று வாங்கி வைத்திருந்த நைலான் கயிற்றைத் தங்கையிடம் கொடுத்தனுப்பினாள்.

2.10.94

நானே போனேன். பஸ் ஸ்டாப் டீக்கடையில் ஐயாசாமி. சக்கரவர்த்தி வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு நின்றார், புரோக்கர் உட்கார்ந்தே இருந்தார்.

"தம்பிதுரை சரவணம்பட்டிப் பக்கம் வாங்கிட்டாருங்க மாமா. நாந்தான் முடிச்சுக் குடுத்தேன்."

"எங்க ஊடு பிடிச்சுதான இருந்துச்சு?"

"பிடிச்சுதுங்க. நீங்க நெனச்சதுக்கு மேலயே மனசுல வச்சிருந்தாரு. கொறைச்சுச் சொன்னா நீங்க நொந்துக்குவீங்கன்னு சொல்லலை. கடைசியில, இவங்களுக்கு விக்கற எண்ணமே இல்லை போலன்னு போயிட்டாரு."

"நான் நெனச்சது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

டீயை ஊதினார். "உங்கூட்டு அம்மணி ஆனியிலேயே வெலையை எங்கிட்டச் சொல்லிப்போட்டாங்க. 'அவரு வாயில வராது. நீங்க வந்து தம்பிதுரைகிட்டச் சொல்லுங்க'ன்னாங்க. வந்தேனுங்க, கேட் வரைக்கும். போர்டு இருந்துச்சு."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல மரியாதை தெரியாதவன் ஒருத்தன் வேணுமுங்க. நூத்துக்கு ரெண்டு அதுக்குத்தான்."

வந்து போர்டைக் கழற்றினேன். ஆணி மட்டும் வரவில்லை.

23.10.94

ஐயாசாமி இரண்டு ஆட்களைக் கூட்டி வந்தார். என்னை டீக்கடைக்கு அனுப்பிவிட்டார். வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு. கட்டுப்பட்டேன். ஆனால் மழை பிடித்துக்கொண்டது. ஈரத்தில் சுவரெல்லாம் கருப்பு வழிந்து நின்றது. பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

4.11.94

புகை மேலே ஏறவே இல்லை. டாக்டர் சொன்னபடியே.

7.11.94

ஜன்னலுக்கு ஈரச்சாக்கு கட்டினேன். பட்டறைக்காரரிடம் போய் நின்றேன். "ஒரு வாரம் உலையை நிறுத்த முடியுமுங்களா?" நல்ல மனுஷன். "ஆர்டர் இருக்குதுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார். தப்பாக நினைக்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். அதையும் மரியாதையாகத்தான் சொன்னேன்.

அவள் உட்கார்ந்தபடியே தூங்குகிறாள்.

13.11.94

ஆஸ்பத்திரி. மூக்கில் குழாய். கழுதைக் கதையைச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். குதிரை சந்தைக்குப் போவதற்குள் தூங்கிவிட்டாள்.

11.12.94, ஞாயிறு

காரியமெல்லாம் முடிந்து ராமாமணி நேற்றுத்தான் அன்னூர் போனாள்.

ஐயாசாமி வந்தார். வந்தவர் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "சாப்பிட்டீங்களா மாமா?" என்று கேட்டார். ராமாமணியைப் பற்றிக் கேட்டார், மழையைப் பற்றிக் கேட்டார். சுவரைப் பார்க்கவில்லை. வீட்டுப் பேச்சையே எடுக்கவில்லை.

நானே சொன்னேன். விலையை. ஒரு எண், கூட்டாமல் குறைக்காமல், நேராக அவர் முகத்தைப் பார்த்து. சாப்பிட்டீங்களா என்று கேட்பதற்குப் பதில் சொல்வது போல வந்துவிட்டது.

ஐயாசாமி எழுந்தார்.

"பார்த்துக்கலாமுங்க" என்றார். "என்ன இப்ப அவசரம்."

அவர் போன பிறகு காப்பி வைக்கச் சமையலறைக்குப் போனேன். இரண்டு டம்ளர் எடுத்துவிட்டேன். இன்று பட்டறை லீவு. ஜன்னலில் நல்ல காற்று வந்துகொண்டிருந்தது.