பிரேக் மிதித்தால் ஆடும் கற்பூர டப்பா

இன்று காலை செங்கில் இருக்கும் நம் ஃபேக்டரிக்குப் போகும் வழியில், சிவப்பு விளக்கைப் பார்த்துப் பிரேக்கை மிதித்தேன். கார் குலுங்கியது. உன் சீட்டுக்கு எதிரே நீ விட்டுப்போன கற்பூர டப்பாவும் கடகடவென்று ஆடியது. "வாய மூடு" என்று டப்பாவைத் திட்டினேன். பக்கத்தில் நின்ற மோட்டார் சைக்கிள்காரன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பார்த்தால் பார்க்கட்டும். நீ போய்ச் சேர்ந்ததிலிருந்து இந்தக் காரில் எனக்குப் பேச்சுத்துணை அந்த டப்பாதான்.

எரிச்சலாக இருக்கிறதடி. நீ இருக்கும்போதே ஆரம்பித்த ஆட்டம் இது. முதல் ஒர்க்‌ஷாப்பில் முன்சக்கரத்துப் பிரேக் கட்டைகளை மாற்றினார்கள். ஆடியது. இரண்டாவது இடத்தில் முன்சக்கர டிஸ்க்கைக் கடைந்து சமப்படுத்தினார்கள், டயரையும் மாற்றச் சொன்னார்கள். அப்போதும் ஆடியது. திரும்பப் போய்க் கேட்டால், "வீட்டுக்காரர் வரலையா அக்கா? அவர வரச் சொல்லுங்க" என்கிறான். என் வீட்டுக்காரருக்குக் கார் ஓட்டவே தெரியாது என்று அவனிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

என் மகனுக்குப் பொறுமை போய்விட்டது. "ஒரு நாளைக்கு ரோட்டுல எங்கயாவது மோதப் போறம்மா. வித்துரு லா" என்று நாளைக்குக் கார் பார்க்க ஆளையும் வரச் சொல்லிவிட்டான். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்தக் காரை விற்றால் உன் சீட்டும் போய்விடும். மெர்லிமாவிலிருந்து செங் ஃபேக்டரிக்கும், அங்கிருந்து வீட்டுக்கும், இத்தனை வருடம் நீ உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசிய சீட். அதை அவனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அதனால் அரைநாள் லீவு போட்டுவிட்டு, கடைசி முயற்சியாக மெர்லிமாவில் புதிதாக வந்திருக்கும், கார் ரிப்பேர் செய்யும் ஒரு போமேனிடம் காரைக் கொண்டுபோனேன்.

அவன் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "பிரேக் அடிச்சா ஸ்டீயரிங் ஆடுதா, சீட்டு ஆடுதாக்கா? ஸ்டீயரிங்னா முன்சக்கரம், சீட்டுன்னா பின்சக்கரம்" என்று கேட்டான்.

இதை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். உன் குரல்தான் முந்திக்கொண்டது. "எனக்கு சீட்டே ஆடுதுடி, பின்னாலேர்ந்து யாரோ புடிச்சு ஆட்டுற மாதிரி" என்றாய் அன்று. "வடை திங்கிறத நிறுத்து, ஆடாது" என்றேன் நான். ஃபேக்டரி கேட் வரும்வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாய். இறங்கும்போது மட்டும், கையிலிருந்த வடையில் பாதியைப் பிய்த்து என் மடியில் போட்டாய்.

போமேனிடம் சாவியைக் கொடுத்து ஓட்டச் சொன்னேன். நான் உன் சீட்டில் உட்கார்ந்தேன். நீ போன பிறகு அதில் யாரும் உட்காரவில்லை, நானும்தான். சாலையில் வேகம் பிடித்துப் பிரேக்கை மிதித்தான். என் இடுப்புக்குக் கீழே, பின்பக்கத்திலிருந்து வந்தது அந்த ஆட்டம். நீ சொன்னது அப்படியே சரி. டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு, "பின்னாலதான், பின்னாலதான்" என்று கத்தினேன்.

பின்சக்கரத்தைக் கழற்றி உள்ளே இருந்த பிரேக் டிரம்மை அளந்து பார்த்தான். "வட்டம் கெட்டுப் போச்சுக்கா. டிரம் சூடா இருக்கறப்ப யாரோ ஹேண்ட்பிரேக்க இழுத்து இறுக்கியிருக்காங்க. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, தெனமும். யாருக்கா அது?"

வேறு யார்? நீதான்! தினமும் மலாக்கா டவுன் நெரிசலில் பிரேக் போட்டுப் போட்டுச் சூடேறி வருகிற காரை, நம் தோட்டத்து முனையில் முனியாண்டி கோயில் மேட்டில் நிறுத்தச் சொல்வாய். நல்லபடியாக வீடு சேர்த்ததற்கு அவருக்கு ஒரு கற்பூரம். ஒரு முறை நீ கற்பூரம் காட்டிக்கொண்டிருக்கும்போது கார் பின்னால் உருண்டுவிட்டது. "முனியாண்டி இல்லன்னா ஒன் காடி இன்னிக்குக் காவாயில" என்றாய். அதிலிருந்து என் கையை நீ நம்பவே இல்லை. இறங்குவதற்கு முன் இரண்டு கையாலும் ஹேண்ட்பிரேக்கைப் பிடித்துக் கரகரவென்று இழுப்பாய்.

"என் கூட்டாளி" என்றேன்.

"அவங்ககிட்ட சொல்லி வைங்கக்கா, இனிமே மெதுவா இழுக்கணும்."

"சொல்லிடறேன்" என்றேன். சொல்லியாயிற்று. எனக்கு இருக்கும் ஆத்திரத்துக்கு நீ மட்டும் எதிரே இருந்திருந்தால், செங் வரைக்கும் விடாமல் சண்டை போட்டிருப்பேன். சண்டை போட ஆளில்லாமல் செய்துவிட்டாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

புது டிரம் போட்டாகிவிட்டது. நாளைக்கு யாரும் வர வேண்டாம் என்று மகனிடம் சொல்லிவிட்டேன். மாலையில் முனியாண்டி கோயில் மேட்டில் பிரேக்கை மிதித்தேன். டப்பா அசையவில்லை. போமேன் சொன்னபடி ஹேண்ட்பிரேக்கை மெதுவாக இழுத்தேன். கார் நின்றது, ஓர் அங்குலம்கூட நகரவில்லை. ஆனாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, இன்னொரு தடவை கரகரவென்று இழுத்துவிட்டுத்தான் கற்பூர டப்பாவை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.