கடலரசியின் இன்ஜின் அறை

அண்ணனுக்கு,

விழா மேடையிலிருந்து பாதியில் இறங்கிப் போனீர்கள். போனையும் எடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் தலைமை இன்ஜினியராக இருந்த, கொழும்புக்குப் பயணிகளை ஏற்றிப் போன ‘கடலரசி’யில் என் வீட்டுக்காரரை வேலைக்குச் சேர்த்துவிட்டது நீங்கள்தான். எண்பத்தேழில் அதே கப்பலை இலங்கைக்குப் பட்டாளம் கொண்டுபோக எடுத்தார்கள். நடுக்கடலில் இன்ஜின் அறை தீப்பிடித்து அவர் செத்தார். குடித்துவிட்டுப் பீடி பற்றவைத்தான் என்று கரையில் வந்து சொன்னீர்கள். குடிகாரன் பெண்டாட்டி என்ற பேரோடு சாயர்புரத்தில் பிள்ளை வளர்த்தேன்.

அன்று தீ பரவாமல் தடுத்துப் பட்டாளத்தைக் காப்பாற்றியவர் என்று உங்களுக்குப் பாராட்டு விழா அறிவித்ததும், என் வீட்டுக்காரரோடு வேலை பார்த்த மகாராஜா அண்ணாச்சி என்னைத் தேடி வந்தார்.

“அவரு குடிக்கல தாயி. தீய அணைச்சிக்கிட்டு நின்னாரு. கதவ வெளிய பூட்டிட்டு ஓடுனது ஒங்க அண்ணன். உள்ள இருந்து தட்டுன சத்தம் கேட்டுச்சு. வேலைக்குப் பயந்து நான் வாயத் தெறக்கல.”

அண்ணாச்சியை மேடைக்கு அழைத்து இதையே சொல்லவைத்தது நான். உங்கள் மகனை முன்வரிசையில் உட்காரவைத்ததும் நானே.

நீங்கள் போன பிறகு உங்கள் மகன் என்னிடம் வந்தான். “அத்தை, மாமா படம் ஒண்ணு தாங்க” என்று அழுதான். கொடுத்தேன். உங்கள் சாப்பாட்டு மேசைக்கு எதிரே மாட்டியிருக்கிறான்.

எங்கே இருந்தாலும் வீட்டுக்கு வாருங்கள். சாப்பிடாமல் எத்தனை நாள் இருப்பீர்கள்?

உங்கள் ஒரே தங்கை