பேரப்பிள்ளைக்கென்று சொன்ன துணி

பிப்ரவரி 9, ஞாயிறு

காலையில் தண்ணீர் மோட்டாரின் காயில் கருகிவிட்டது. இவர் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, கையெல்லாம் கிரீஸோடு போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். மெல்போர்னிலிருந்து மகள் தேஜு.

நாலாம் மாதம் முடிகிறது. ஊருக்கு வந்துதான் பெற்றுக்கொள்வாள் என்று நினைத்திருந்தேன். இல்லையாம். அங்கேயே ஆஸ்பத்திரியில் பதிந்துவிட்டார்களாம். மாப்பிள்ளை பூபாலனுக்கும் லீவு கொடுப்பார்களாம். "நீ ஜூன்லயே வந்துரும்மா. மூணு மாசம் இருந்துட்டுப் போ" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் இவர், "அதெல்லாம் அம்மா வந்துருவா கண்ணு. தலைப்பிரசவத்துக்குப் பெத்தவ வராம?" என்று சொல்லிவிட்டார். வீடியோ கால். நான் தலையாட்டியதும் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

சாயங்காலத்துக்குள் அவிநாசி முழுக்கச் சொல்லிவிட்டார்.

பிப்ரவரி 11

இந்த டைரியில் எல்லாம் எழுதியிருக்கிறேன். மாமியார் இறந்தபோது எனக்கு அழுகை வரவில்லை என்றுகூட எழுதியிருக்கிறேன். இதை மட்டும் எழுதியதில்லை.

எனக்கு மூத்திரம் நிற்பதில்லை.

எழுதிவிட்டேன். தும்மினால் போகும். இருமினால், குடம் தூக்கினால், விழுந்து விழுந்து சிரித்தால் போகும். சில நாள் பாத்ரூம் கதவைத் திறப்பதற்குள் போய்விடும். தேஜு பிறந்ததிலிருந்து இப்படி. பெரிய குழந்தை, ஆயுதம் போட்டு எடுத்தார்கள். சரியாகிவிடும் என்று என் அம்மா சொன்னாள். வெளியே சொல்லிவிடாதே என்றும் சொன்னாள். முதலாவது நடக்கவில்லை. இரண்டாவதைத்தான் இருபத்தெட்டு வருஷமாகக் காப்பாற்றி வருகிறேன்.

டாக்டரிடம் போனதில்லை. போய் என்னவென்று சொல்வது? கல்யாண மண்டபத்தில் கதவோரம் உட்காருவேன். சேலை எப்போதும் கரும்பச்சை, அரக்கு, கத்தரிப்பூ. எனக்குப் பிடித்தது மாம்பழ மஞ்சள். கட்டி எத்தனையோ வருஷம் ஆகிறது.

இவருக்குத் தெரியாது. அடிக்கடி பாத்ரூம் போவதைப் பார்த்து, எனக்குச் சர்க்கரை இருக்கிறது, சோதிக்கப் பயப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அப்படியே இருக்கட்டும்.

விமானத்தில் ஒரு பகலும் ஒரு இரவும். இறங்கினால் மகள் வீடு. போட்டோவில் பார்த்தேன், அறைக்கு அறை வெளிர் சாம்பல் நிறத்தில் கம்பளம்.

பிப்ரவரி 12

நேற்று எழுதியதைக் கிழித்துவிடலாமா என்று இருந்தது. இவர் இதையெல்லாம் படிக்கிற ஆள் இல்லை. கிழிக்கவில்லை.

மார்ச் 4

பாஸ்போர்ட் புதுப்பிக்க கோயம்புத்தூர் போனோம். கருமத்தம்பட்டி வந்ததும் இவர் வண்டியை ஓட்டலில் நிறுத்தி, "எனக்கு டீ குடிக்கோணும்" என்றார். நான் இறங்கி உள்ளே பாத்ரூம் போய்விட்டு வந்தேன். பார்த்தால் வண்டியிலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். டீயும் இல்லை, ஒன்றும் இல்லை. வருகிறபோதும் அதே கதை. வயசானால் இப்படித்தான் கிறுக்குப் பிடிக்கும் போலிருக்கிறது.

மார்ச் 17

இன்று நடந்தது.

வீட்டுக்குப் பின்னால் நம் தையல் யூனிட்டில் இப்போது குழந்தைகள் நைட் டிரெஸ் ஓடுகிறது. வெள்ளை இன்டர்லாக், வெண்ணெய் மாதிரித் துணி. கட்டிங்கில் விழுகிற பிட்டுகளைச் சாக்கில் போட்டு வேஸ்ட்காரனுக்குக் கொடுப்பது வழக்கம். அதற்கு முன்னால் நான் போய் நல்ல பிட்டாகப் பொறுக்கிக்கொள்வேன். இத்தனை வருஷமும் நாலாய் மடித்து வைத்துக்கொள்வது அதுதான். கடையில் விற்கிற நாப்கினை எப்படிக் கேட்பது? இந்த வயதில் எதற்கு என்று கடைக்காரன் பார்க்கமாட்டானா?

யாரும் கண்டுகொள்வதில்லை என்று நினைத்திருந்தேன். செக்கிங் டேபிள் பிரிசில்லா, தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், பக்கத்தில் வந்து நின்றாள்.

"பேரப்பிள்ளைக்கா, அக்கா? நானும் பாத்துக்கிட்டேதான் இருக்கேன், என்னத்துக்கு பொறுக்குதாங்கன்னு. சொல்லியிருந்தா நாங்களே எடுத்து வச்சிருப்போம்லா."

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது?

மார்ச் 22

பிரிசில்லா ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தாள். சதுரம் சதுரமாக வெட்டி, நாலு ஓரமும் ஓவர்லாக் அடித்து, துவைத்துக் காயவைத்து மடித்திருக்கிறாள். டீ பிரேக்கில் மூன்று பேராக உட்கார்ந்து தைத்தார்களாம். "பிள்ளைக்கு ஓரம் உறுத்தக் கூடாதுல்லாக்கா" என்றாள்.

பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். ஒன்றை எடுத்து நானே வைத்துக்கொண்டேன். எவ்வளவு மெத்தென்று இருக்கிறது. வெட்கங்கெட்டவள்.

ஏப்ரல் 2

விசா வந்துவிட்டது. எல்லாருக்கும் சந்தோஷம். நான் அந்தக் கம்பளப் போட்டோவை மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

ஏப்ரல் 19

தேஜு அங்கே கர்ப்பிணிகள் வகுப்புக்குப் போகிறாள். மூச்சு எப்படி விடுவது, குழந்தையை எப்படித் தூக்குவது என்றெல்லாம் சொல்லித் தருகிறார்கள். பேச்சுவாக்கில் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அம்மா, இன்னைக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் வந்து, மூத்திரம் கசியறதப் பத்தியும் அதுக்கான பயிற்சி பத்தியும் ஒரு மணி நேரம் பேசுனாம்மா. புருசனுகளையும் உக்காரவெச்சுட்டு! எனக்குச் சிரிப்பு அடக்க முடியல."

அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"சீ, என்ன பேச்சு இதெல்லாம், அப்பா இருக்காரு" என்றேன். அதட்டி வேறு விட்டேன்.

மே 11, ஞாயிறு

கட்டுச்சோறு. காங்கேயம், சம்பந்தி வீட்டில். கட்டுச்சோறு என்றால், சோறு கட்டிக்கொண்டு போய்ப் பிரசவத்துக்குப் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். நாங்கள் புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, எலுமிச்சஞ்சோறு எல்லாம் கட்டிக்கொண்டு போனோம். அழைத்து வரப் பெண்தான் இல்லை. நாற்காலியில் பட்டுத்துணி போட்டு டேப்லெட் ஒன்றைச் சாய்த்து வைத்திருந்தார்கள். அதற்குள் தேஜு, பட்டுச்சேலையும் கம்பளிச் சட்டையுமாக. சந்தனம் பூச வந்த பெரியம்மா ஒருத்தி எங்கே பூசுவது என்று தெரியாமல் கண்ணாடியிலேயே பூசிவிட்டாள். "ஐயோ, எனக்கு ஒண்ணுமே தெரியலீங்க!" என்று உள்ளேயிருந்து தேஜு கத்துகிறாள். கூட்டமே சிரித்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். என் மகளுக்கு நடக்கிற விசேஷத்தில் சிரிக்கக்கூட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

சிரிப்பைத் தாண்டிவிட்டேன். பந்தியில் உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிட்டிருப்பேன். உள்ளே யாரோ மிளகாய் தாளித்தார்கள்.

தும்மல். ஒன்றோடு நிற்கவில்லை.

எல்லாம் போய்விட்டது. மடித்து வைத்த துணி போதவில்லை. கால் வழியாக இறங்குவது தெரிந்தது. பக்கத்து இலையில் சம்பந்தியம்மாவின் தங்கை. எச்சில் கையோடு எழுந்து, யாரையும் பார்க்காமல் வெளியே வந்து காரில் துண்டை விரித்து உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டேன். பந்தியில் பாதியில் எழுந்தால் அந்த வீட்டுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

சம்பந்தியம்மா பின்னாலேயே வந்தார். "ஏனுங்க சம்பந்தி, எங்க ஊட்ல என்ன கொறை கண்டீங்க?" என்று கண்ணாடிக்கு வெளியே நின்று கேட்டார். நான் இறங்கவில்லை. எப்படி இறங்குவது? கண்ணாடியைக்கூட இறக்கவில்லை. வாசனை வந்துவிட்டால்? தலை சுற்றுகிறது என்று கையைக் காட்டினேன். அவர் முகம் சிறுத்துப் போய்விட்டது.

இவர் வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு என்னை இறங்கச் சொல்லாமல், முதலில் தான் போய்க் கதவைத் திறந்து வைத்தார். கோபம்.

மே 13

தேஜுவிடம் சொல்லிவிட்டேன். முட்டி வலி, ஷிப்மெண்ட் வேறு நெருக்குகிறது, என்னால் வர முடியாது.

"அத்தைகிட்ட ஏம்மா அப்படி நடந்துக்கிட்ட? டேப்ல நான் பாத்துட்டுத்தான் இருந்தேன். நீ எந்திரிச்சுப் போன. திரும்பிக்கூடப் பாக்கல" என்றாள்.

"தலை சுத்துச்சு கண்ணு."

"செரி. உனக்கு ஷிப்மெண்ட் பெருசு. இருந்துக்கோ."

கண்ணு, கம்பளம் நனைந்துவிடும். இதை எப்படிச் சொல்வது? அவளைப் பெற்றதால் வந்தது என்று தெரிந்தால் வருத்தப்படுவாள், அதனால்தான் மறைக்கிறேன் என்று ஒரு நிமிஷம் எழுத நினைத்தேன். அப்படியெல்லாம் உயர்வாக எழுதிக்கொள்ள வேண்டாம். எனக்கு வெட்கம். அவ்வளவுதான்.

ஜூன் 8

பெற்றவள் போகவேண்டிய இடத்துக்கு மாமியார் போகிறார். சம்பந்தியம்மாவை வழியனுப்ப இவர் மட்டும் ஏர்போர்ட் போனார். "முட்டிக்கு ஒத்தடம் குடுக்கச் சொல்லுங்க" என்று சம்பந்தியம்மா சொல்லி அனுப்பினாராம். குத்தலாகச் சொன்னாரா, நிஜமாகச் சொன்னாரா தெரியவில்லை. நிஜமாகவே சொல்லியிருந்தால் இன்னும் கேவலம்.

ஜூன் 9

பிரிசில்லா கேட்டாள், "துணியெல்லாம் சம்பந்திகிட்ட குடுத்து விட்டாச்சாக்கா?"

குடுத்துவிட்டேன் என்றேன். பாதிக்கு மேல் நானே பயன்படுத்திவிட்டேன். பேரப்பிள்ளைக்கென்று மூன்று பேர் டீ குடிக்காமல் தைத்தது. எழுதும்போதே கூசுகிறது.

ஜூலை 13, ஞாயிறு

பெண் குழந்தை. இரண்டு நாள் வலி. கடைசியில் ஆயுதம் போட்டுத்தான் எடுத்தார்களாம். பிஞ்சுக் கன்னத்தில் அச்சு தெரிகிறது. அதே மாதிரி. தேஜு பிறந்தபோதும் அதே இடம்.

சம்பந்தியம்மா குழந்தையைக் கையில் ஏந்திக் காட்டினார். நான் போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இவர் அழுதார். நான் "தலைக்குக் குல்லாப் போடுங்க, பனி" என்று மட்டும் சொன்னேன். அங்கே எல்லாம் ஹீட்டர் போட்டிருக்கிறது, அது எனக்கும் தெரியும்.

ஜூலை 21

தேஜு கூப்பிட்டாள். வீடியோ இல்லை, வெறும் கால்.

"அம்மா, தனியா இருக்கியா? அப்பா பக்கத்துல இல்லியே?"

"இல்ல கண்ணு. சொல்லு."

அழ ஆரம்பித்துவிட்டாள். "தும்முனா போயிருதும்மா. எந்திரிச்சு நின்னாலே போயிருது. நேத்து ஹால்ல, அத்தை எதிர்லயே... கம்பளமெல்லாம். அத்தை ஒண்ணுமே சொல்லல, தொடச்சு உட்டாங்க. எனக்குச் செத்துப்போயிரலாம்னு இருந்துச்சு. அவருகிட்டச் சொல்லிப்போடாதீங்கன்னு அத்தை கையப் புடிச்சுக் கெஞ்சுனேன். கிளாஸ்ல கேட்டுச் சிரிச்சேன்லம்மா, அன்னைக்கு."

யார் வீட்டுப் பெண்ணோ அழுதால் ஆறுதல் சொல்லலாம். இது என் வாயால் வரவேண்டியது.

"எனக்கும்தான் கண்ணு."

"என்ன உனக்கும்தான்?"

"எனக்கும் போகுது. நீ பொறந்ததுல இருந்து."

அங்கே குழந்தை சிணுங்கியது.

"கட்டுச்சோத்தன்னைக்கு?"

"ஆமா."

"அதுக்காகவா வரல?"

"உன் ஊட்டுக் கம்பளம் நனைஞ்சுரும்னு பயந்தேன் கண்ணு."

"முட்டின்ன, ஷிப்மெண்டுன்ன. என்னையப் புடிக்காமப் போயிருச்சோன்னு எத்தன நாள் அழுதிருக்கேன் தெரியுமா? ஒரு கம்பளத்துக்காவாம்மா?" கத்தினாள். வைத்துவிட்டாள்.

ஜூலை 22

கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. என்ன முகத்தோடு?

ஜூலை 23

தேஜுவிடமிருந்து மெசேஜ். அப்படியே எழுதுகிறேன்: "பிசியோகிட்ட ஆகஸ்ட் 14 அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கேன். ரெண்டு பேருக்கு. வந்து சேரு."

எத்தனை தடவை படித்தேனோ. கோபம் அப்படியே இருக்கிறது. ஆனாலும் ரெண்டு பேருக்கு.

ஜூலை 24

"தேஜு வரச் சொல்றா. போறேனுங்க" என்றேன். ஏன், எதற்கு, முட்டி என்னாச்சு என்று இவர் ஒன்றும் கேட்கவில்லை. போனில் டிக்கெட் பார்க்க உட்கார்ந்துவிட்டார்.

"கடைசி வரிசை, நடைபாதை ஓரத்து சீட்டு போட்டுட்டேன். பாத்ரூம் பக்கத்துல."

"அங்கெதுக்குங்க?"

"எனக்குப் புடிச்ச எடம்" என்றார்.

பறக்கப்போவது நான். இவர் இல்லை.

அப்புறம்தான் கருமத்தம்பட்டி டீ ஞாபகம் வந்தது. கட்டுச்சோறு அன்று கதவைத் திறந்து வைத்ததும். அந்த அறையில் உட்காரவே முடியவில்லை. எழுந்து போய் மொட்டை மாடியில் காயாத துணியைத் திருப்பித் திருப்பிப் போட்டேன். எவ்வளவு நாளாகத் தெரியும் என்று கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

ஆகஸ்ட் 5

நாளை மறுநாள் கிளம்புகிறேன். மாம்பழ மஞ்சளில் ஒரு சேலை எடுத்தேன். விமானத்துக்கு அரக்குதான்.

காலையில் யூனிட்டுக்குள் போய் பிரிசில்லாவிடம், முன்னே தைத்த மாதிரி இன்னும் கொஞ்சம் வேண்டும், இன்னும் பெரிய சதுரமாக, இரண்டு மூட்டை என்று கேட்டேன்.

"ரெண்டு எதுக்குக்கா? பிள்ளை ஒண்ணுதானே?"

"பிள்ளைக்கு இல்ல. ஒண்ணு தேஜுக்கு, ஒண்ணு எனக்கு" என்றேன்.

மெஷின் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. "என்னக்கா?" என்று காதைக் கொண்டுவந்தாள். திரும்பச் சொல்லவேண்டியதாகிவிட்டது. எதற்கு என்பதையும் சேர்த்துச் சொன்னேன். முன்னே கொடுத்ததும் குழந்தைக்குப் போகவில்லை என்பதையும் சொன்னேன். காது இரண்டும் சுட்டது.

பிரிசில்லா வேஸ்ட் சாக்கைக் கவிழ்த்து, வெள்ளை பிட்டாகப் பார்த்து ஒதுக்க ஆரம்பித்தாள். கோபமோ என்று நின்றேன். சாக்கைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அப்ப எனக்கும் ஒரு நாலு எடுத்துக்கிடட்டுமாக்கா?"