பதினொரு சர்வர், ஒரு எச்சரிக்கை

நவம்பர் 10, திங்கள்

காலையிலிருந்து தூறல். எண்ணூர் ரோட்டில் முழங்கால் தண்ணீர். ஆட்டோ கிடைக்கவில்லை, ராயபுரத்திலிருந்து பஸ். செருப்பு நாசம்.

வியாழன் ஆடிட்டர் வருகிறார். அதற்குள் எங்கள் கன்டெய்னர் யார்டில் உள்ள பதினொரு யூனிக்ஸ் சர்வர்களிலும், யார் நுழைந்தாலும் முதலில் எச்சரிக்கை தெரிய வேண்டும். இப்போது தெரிவது "வெல்கம்". அதற்குக் கீழே என்ன சிஸ்டம், எத்தனையாவது பதிப்பு, சகலமும். திருடனுக்குக் கோலம் போட்டு, பூட்டு எந்தக் கம்பெனி என்றும் சொல்லி வைத்திருக்கிறோம்.

செய்ய வேண்டியவை:
- வெல்கம் எடுக்க
- பதிப்பு எண் எடுக்க
- புது வாசகம்: அனுமதி உள்ளவர்கள் மட்டும். நீங்கள் செய்வது எல்லாம் பதிவாகும். மீறினால் நடவடிக்கை.
- அம்மாவுக்கு சுகர் மாத்திரை

மேனேஜர்: "ஆடிட்ல ஒரு பாயிண்ட் கூட வரக்கூடாது. உங்க காண்ட்ராக்ட் ரின்யூவல் ஃபைல் என் டேபிள்லதான் இருக்கு." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எட்டு வருஷமாக இதே சிரிப்பு. அலுத்துவிட்டது.

எடைமேடை கன்னியப்பன் அண்ணன் ஜன்னலைத் தட்டிக் கூப்பிட்டார். "இன்னா தங்கச்சி, மூஞ்சி தொங்கிகினு கீது? வா, ஒரு டீ சாப்ட்டு போ." தினமும் இதுதான். அவரும் என்னைப் போல காண்ட்ராக்ட், ஏஜென்சி மூலம். லாரியை எடை போட்டு, பட்டனை அழுத்தி எடை விவரத்தை சர்வருக்கு அனுப்புவது அவர் வேலை.

நவ. 11, செவ்வாய்

மழை. பத்து சர்வர் முடிந்தது. கழுத்து வலி.

பதினொன்றாவது, அந்தப் பழைய பெட்டி மட்டும் தகராறு. நுழையும் முன் வாசகம் வருகிறது, நுழைந்த பின் வரவில்லை. ஆடிட்டர் இரண்டும் கேட்பார். முறையாகச் செய்ய வேறு இடம் உண்டு. கேட்டே மூடியாகிவிட்டது, தேடப் பொறுமையில்லை. யார் நுழைந்தாலும் தானாக ஓடுகிற ஸ்கிரிப்டில், வாசகத்தைக் காட்டச் சொல்லி நாலு வரி சேர்த்தேன். நானே ஒரு முறை நுழைந்து பார்த்தேன். வந்தது. போதும்டா சாமி.

மாத்திரை மறந்துவிட்டது.

நவ. 12, புதன்

காலை எட்டு மணியிலிருந்து கேட் பாஸ் அச்சாகவில்லை. டிரைலர் வரிசை கேட்டைத் தாண்டி ரோடு வரை. ஒரு டிரைவர் கண்ணாடியை இறக்கிக் கத்துகிறார்: "யோவ், காலைலேர்ந்து நிக்க வெச்சிகினு கீறீங்க, நாங்க இன்னா மனுசன் இல்லியா?"

எடை விவரம் அந்தப் பழைய பெட்டிக்குப் போனால்தான் கேட் பாஸ். போகவில்லை.

மேனேஜர் எடைமேடைக்கே போனார்.
"பட்டன் அமுக்குனீங்களா, இல்லயா?"
"அமுக்கிகினேதான் சார் கீறேன். அந்தாண்ட போவ மாட்டுது."
"நேத்து வரைக்கும் போச்சே?"
"அத்தான் சார் எனுக்கும் புரியல."
"இந்த வயசுல பொய் வேற."

பதினொரு மணிக்கு, அண்ணனை இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அண்ணன் சாப்பாட்டுப் பையைத் தலைமேல் பிடித்துக்கொண்டு மழையில் போனார். அவர் நாற்காலியில் வேறு ஆள்.

அதன் பிறகுதான் எனக்கு உறைத்தது. மனிதன் நுழைந்தால் வாசகத்தைப் படிப்பான். எடை விவரம் கொண்டுவருகிற புரோகிராமும் உள்ளே நுழைந்துதானே தருகிறது? அதன் முன்னாலும் என் நாலு வரி வாசகத்தைக் கொட்டியிருக்கிறது. எதிர்பாராத எழுத்தைப் பார்த்ததும் அது பாதியில் நின்றுவிட்டது.

நாலு வரியையும் அழித்தேன். வாசகத்தை உரிய இடத்தில் வைத்தேன். ஐந்து நிமிட வேலை. நேற்றே செய்திருக்கலாம், பாவி. கேட் பாஸ் சரசரவென்று வந்தது.

மேனேஜர் எல்லோர் முன்னும்: "பாத்தீங்களா? ஆள மாத்தினதும் ஓடுது."

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவ. 13, வியாழன்

மழை விட்டுவிட்டு. ஆடிட்டர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பதினொன்றையும் திறக்கச் சொன்னார். நீங்கள் செய்வது எல்லாம் பதிவாகும். பதினொரு முறை அவரோடு சேர்ந்து நானும் படித்தேன். என் நாலு வரியும் பதிவில் இருக்கிறது: என் பெயர், சேர்த்த நேரம், அழித்த நேரம். அதை அவர் கேட்கவில்லை. "குட்" என்றார்.

நாளை கடைசிப் படிவம். அதில் ஒரு கேள்வி: இந்த மாற்றங்களால் வேலை பாதிக்கப்பட்டதா, ஆம்/இல்லை. மேனேஜர் காதருகே வந்து, "இல்லன்னு போட்டு சைன் பண்ணிடுங்க."

மதியம் அண்ணனுக்குப் போன். அவர் வீட்டம்மா எடுத்தார். "ஜொரத்துல பட்த்துகினு கீறாரு. இன்னா தப்பு பண்ணேன்னு தெரிலன்றாரு. நீயாச்சும் சொல்லேம்மா." அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். வெட்கம். சோறு இறங்கவில்லை.

நவ. 14, வெள்ளி

ஆம்.

கீழே, என்ன செய்தேன், எப்போது, யார்மேல் பழி விழுந்தது, எல்லாம் எழுதினேன். சர்வர் பதிவையும் இணைத்தேன். கையெழுத்து கோழி கிளறிய மாதிரி. ஆடிட்டர் இரண்டு முறை படித்தார். மேனேஜர் மேஜைமேல் இருந்த என் ரின்யூவல் ஃபைலை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

திங்களன்று அண்ணனை வரச் சொல்லிவிட்டார்களாம். நானும் அவருக்குப் போன் செய்து முழுவதும் சொன்னேன்.

"பொதன்கெயமயே தெரியுமா உனுக்கு?"
"தெரியும்ணே. நீங்க போனதும் தெரிஞ்சிது."
வைத்துவிட்டார்.

நவ. 16, ஞாயிறு

துணி காயவில்லை. அம்மா மீன் வாங்கச் சொன்னாள். போகவில்லை. மாத்திரை வாங்கியாகிவிட்டது.

நவ. 17, திங்கள்

வெயில், ஒரு வாரம் கழித்து. கன்னியப்பன் அண்ணன் வந்துவிட்டார். முகம் வாடியிருந்தது. ஜன்னல் தட்டும் சத்தம் வருமென்று மெதுவாகத்தான் நடந்தேன். வரவில்லை. நானே போய் நின்றேன். உள்ளே ஒரே ஒரு டீ டம்ளர். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பட்டனை அழுத்தினார்.

"போய்ச்சான்னு கொஞ்சம் பாத்து சொல்லுங்க, மேடம்."