மேடைப் படியில் விட்டுப்போன செருப்புகள்

ஆவணி, சனிக்கிழமை

மயிலாப்பூரில் இன்று மாலை என் நாடகத்தைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். ஸ்பெஷல் தரிசன டிக்கெட் இல்லையென்று பெருமாளையே அவர் கோயிலுக்குள் விடாத காட்சி. சபை முழுக்கச் சிரிப்பு. கட்டைகளோடு ஐந்தாறு பேர் மேடையேறினார்கள்.

"சாமிய வெச்சி இன்னா காமெடி பண்ணிக்கினு கீற?"

பெருமாள் வேஷத்தில் இருந்த ரவியின் நெற்றியில், நாமத்தின் மேலேயே அடி விழுந்தது. போலீஸ் வந்ததும் அடித்தவர்கள் ஓடிவிட்டார்கள்.

பிறகுதான் பார்த்தேன், மேடைப் படியில் அவர்களுடைய செருப்புகள். மேடையில் இருந்தது நான் தெர்மாகோலில் வெட்டி ஒட்டிய கர்ப்பகிரகம். அதற்காகக் கழற்றிவிட்டு வந்து, பெருமாளை அடித்திருக்கிறார்கள்.

தையல் போட்டுக்கொண்டு ரவி போன் செய்தான். "நாளைக்கு ஷோ உண்டுல்ல? வசனத்துல கை வெக்காத. கட்டு மேலயே நாமம் போட்டுக்கறேன்."

வீட்டில் என் மனைவி கமலா வாசல் கதவைப் பூட்டிவிட்டு, மறுபடியும் போய் இழுத்துப் பார்த்தாள்.

ஒரு வரியும் மாற்றப் போவதில்லை. செருப்புகளைச் சபா வாசலில் ஜோடி ஜோடியாக வைக்கச் சொல்லியிருக்கிறேன். எடுக்க வருகிறவர்கள் மிச்ச நாடகத்தையும் பார்த்துவிட்டுப் போகட்டும்.